மானை அழைக்கும் குரலும் மானைக் காக்கும் கடமையும்

(இரும்புலியூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய உபந்நியாசம்)



கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் சாதாரணமாகக் கடன் தவணை, பால் விலை, எரு, விதை இவற்றைப் பற்றியே பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயமோ மானைக் குரல் கொடுத்து அழைக்கும் கலை. இது வேட்டைக்காரன் விஷயமாயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் எண்ணலாம். சம்பந்தம் உண்டு. இவ்வூரின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் பெரும்புலி வாழ்ந்த ஊர் என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. புலியைப் பற்றி இப்பொழுது பேச்சில்லை. மான் மட்டும் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. வடக்கே தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் வந்து அமைந்த 365 ஏக்கர் நிலத்தின் புதர்க்காட்டில் புள்ளிமான்கள் வாழ்கின்றன. தெற்கே வண்டலூர்க் காப்புக்காடு இருக்கிறது. அதனை ஒட்டி 1985-ல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் நடுவே பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் வீடுகளும் நெருங்கிய இரும்புலியூரில் நாம் இருக்கிறோம்.

ஆதலால் மானின் குரலை அறிவது நமக்கு வேடிக்கை விஷயமன்று. அக்குரலை அறிந்தவன் மானைக் கொல்லவும் கூடும், காக்கவும் கூடும், தன் பயிரையும் காத்துக்கொள்ளக் கூடும். இக்கலை எப்படிப்பட்டது, அதன் பலம் எங்கே இருக்கிறது, அதை இன்று எவ்விதம் உபயோகிக்க வேண்டும் என்பவற்றை முறையே கூறுகிறேன்.

தொண்டை நாட்டுப் பழைய வழக்கம்

வேட்டையில் மானைத் தேடி ஓடுவது ஒரு வகை. மானைத் தன்னிடம் வரச் செய்வது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு உழைப்புக் குறைவு. அறிவு அதிகம் வேண்டும். நம் தொண்டை நாட்டில் இது மிகப் பழையது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு ஒன்று வருணிக்கப்படுகிறது. அங்கே வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மிருகம் கட்டப்பட்டிருப்பதைப் புலவர் காட்டுகிறார். பார்வை என்றால் பழக்கி வைத்த மான். அதைக் கண்டும் அதன் குரலைக் கேட்டும் காட்டு மான் நெருங்கி வரும். இதற்குத் தீவகம் என்றும் பெயருண்டு. மொகலாயர் காலத்திலும் இவ்வழக்கம் இருந்தது. பழக்கிய மானின் கொம்பில் வலை கட்டிவிட, அதனோடு போரிட வந்த காட்டு மானின் கொம்பு அவ்வலையிற் சிக்கிக்கொள்ளும் என்று அக்பர் காலத்து ஆயினி அக்பரி கூறுகிறது.

பார்வை மிருகம் இல்லாதவன் தன் வாயையே பார்வையாக்கிக் கொண்டான். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு பாகப் புத்தகத்தில், நரிக்குறவர் நரியைப் போலவே ஊளையிட்டு நரிகளை வலைக்கு வரவழைப்பதைப் பற்றிக் காணலாம். வடக்கே குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் 1938-ல் தாக் என்னும் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியை, ஆண்புலியின் குரலால் பதில் கூறியே தம் அருகில் வரவழைத்தார்.

பிற தேசங்களிலும் இதே கலை வெவ்வேறு உருவத்தில் இருக்கிறது. ஜெர்மானிய நாட்டில் ஆடி, ஆவணி மாதங்களில் ரோ என்னும் சிறு மானை அழைக்க மரத்தின் இலையை உதட்டிடை வைத்து ஊதுவார்கள். ஜப்பானின் வடபகுதியிலுள்ள அயினு ஜனங்கள் மரத்துண்டின்மேல் மெல்லிய மீன்தோலைப் போர்த்து ஊதலாகச் செய்துகொண்டனர். வட அமெரிக்காவில் மூஸ் என்னும் பெருமானை அழைக்கப் பூர்ச்ச மரப்பட்டையைச் சுருட்டிக் கொம்பு போலாக்குவர். வெள்ளைவால் மானுக்கு இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று மோதி ஓசை எழுப்புவர். கருவி வேறு, காடு வேறு, தத்துவம் ஒன்றே.

குரலுக்கு மான் ஏன் வருகிறது?

மான் கூர்மையான செவியும் அதனினும் கூர்மையான மோப்பமும் உடைய பிராணி. அவ்வளவு எச்சரிக்கையுள்ள ஜந்து ஒரு மனிதன் செய்யும் ஓசைக்கு ஏன் ஏமாற வேண்டும்? காரணம் மூன்று.

முதலாவது, ஆணின் போட்டி. இணைசேரும் பருவத்தில் ஆண்மான் தன் இடத்தில் இன்னோர் ஆண் குரல் கொடுப்பதைப் பொறுக்கமாட்டாது. ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ரம் தீவில் செம்மான்களை ஆராய்ந்த கிளட்டன்-பிராக், ஆல்பன் என்னும் இருவர், ஆண்மான்கள் கொம்பால் மோதுமுன் ஒன்றையொன்று பார்த்து மாறி மாறி முழங்கித் தம் பலத்தை அளந்துகொள்கின்றன என்று 1979-ல் எழுதினர். முழங்கும்போது செம்மான் தன் குரல்வளையைக் கழுத்தில் கீழே இழுத்துக்கொண்டு தன் உடலினும் பெரிய உடலுக்குரிய ஓசையை உண்டாக்குகிறது என்பதை 2001-ல் ஃபிட்ச், ரெபி என்போர் வெளியிட்டனர். அதாவது, மானே மானை ஏமாற்ற முயல்கிறது; வேட்டைக்காரன் அந்த வழியில் பின்னே செல்கிறான்.

இரண்டாவது, ஆவல். காட்டில் எழும் ஓசை எதுவோ என்று அறிந்துகொள்ளாமல் மானால் நிம்மதியாக மேய முடியாது. சில வேளைகளில் ஓடுவதற்கு முன் நின்று பார்க்கும். இரண்டடி முன்னும் வரும்.

மூன்றாவது, தாயன்பு. இதுவே மூன்றிலும் வலியது. குட்டியின் அபயக் குரலைக் கேட்ட பெண்மான் தன் பயத்தையும் மறந்து ஓடிவரும். சூசன் லிங்கிள், டோபியாஸ் ரீட் என்னும் இரு ஆராய்ச்சியாளர் 2014-ல் வெளியிட்ட முடிவு ஆச்சரியமானது. அவர்கள் கனடாவின் புல்வெளியில் ஒலிபெருக்கி வைத்து, மான்குட்டியின் குரலை மட்டுமன்றி, கடல்நாய்க் குட்டி, பூனைக்குட்டி, வௌவால் குஞ்சு, மனிதக் குழந்தை முதலியவற்றின் அழுகுரலையும் ஒலிக்கச் செய்தனர். அக்குரல்களின் சுருதி மான்குட்டியின் சுருதிக்கு அண்மையில் இருந்தபோது தாய்மான்கள் ஒலிபெருக்கியை நோக்கி வந்தன. எந்த ஜாதிக் குழந்தை அழுதாலும் தாய் மனம் அசைகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கலையின் பெருமையும் குற்றமும் இவ்விடத்திலேயே இருக்கின்றன.

நம் நாட்டு மான்களின் குரல்கள்

அழைக்க விரும்புகிறவன் முதலில் கேட்கக் கற்க வேண்டும்.

புள்ளிமான்: இதற்கு நான்கு குரல்கள் முக்கியம். கொம்பு முற்றிய ஆண் எழுப்பும் கரகரத்த உரத்த முழக்கம் ஒன்று. வருஷம் முழுவதும் ஓரளவு கேட்டாலும் சித்திரை, வைகாசி மாதங்களில் இது மிகும். ஆபத்தைக் கண்டபோது எழும் குறுகிய கூரிய கூவல் இரண்டாவது. அப்பொழுது முன்னங்காலால் தரையைத் தட்டுவதும் உண்டு. தாய் தன் குட்டியை அழைக்கும் மெல்லிய குரல் மூன்றாவது. பத்தடிக்கு அப்பால் கேட்பதே அரிது. குட்டியின் அபயக் கத்தல் நான்காவது.

கடமான்: மிளா என்றும் சொல்வர். மலைக்காடுகளில் இருப்பது. ஆபத்தைக் கண்டால் வெண்கலத்தைத் தட்டியது போன்ற கணீரென்ற பெருங்குரல் கொடுக்கும்.

கேளையாடு: சிறியது, மலைச்சரிவில் வாழ்வது. நாய் குரைப்பது போன்ற குரலை விட்டுவிட்டு நெடுநேரம் எழுப்பும். அதனால் குரைக்கும் மான் என்றும் பெயர் பெற்றது.

சருகுமான்: முயலை விடச் சற்றே பெரிதான பிராணி. பெரும்பாலும் மௌனி. கால் குளம்பால் தரையை வேகமாகத் தட்டித் தன் பயத்தைத் தெரிவிக்கும்.

வெளிமான்: இரலை, புல்வாய் என்ற பெயர்களும் உண்டு. வருஷந்தோறும் கொம்பு உதிர்க்கும் மானினத்தைச் சேராது, உதிராத முறுக்குக் கொம்புடைய வேறினம். ஆண் தன் எல்லையில் நின்று உறுமும். கூட்டம் பயந்தால் குரலைவிடத் துள்ளலே அடையாளமாகும். நம் ஜில்லாவுக்கு அண்மையில் கிண்டியில் இதனை இன்றும் காணலாம். ஒரு காலத்தில் கவர்னர் மாளிகையைச் சேர்ந்திருந்த அந்தக் காடு 1978-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டரே.

ஒரு குரலின் பொருள் அதன் எண்ணிக்கையிலும் இருக்கிறது. ஒரு புள்ளிமான் ஒரே முறை கூவி நின்றால் இலை அசைந்ததற்குப் பயந்திருக்கலாம். பல மான்கள் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி மீண்டும் மீண்டும் கூவினால் பகையைக் கண்ணால் கண்டுவிட்டன என்பது பெரும்பாலும் நிச்சயம். எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதே பகை இருக்கும் திசை.

அழைப்போன் அறிந்திருந்த விதிகள்

குரல் கொடுத்து மானை வரவழைப்பதில் தேர்ந்தவர்கள் எல்லாத் தேசத்திலும் ஏறக்குறைய ஒரே விதிகளையே கைக்கொண்டனர். அவற்றை இங்கே தொகுத்துக் கூறுகிறேன். வேட்டைக்காக அல்ல, மானைப் பார்க்க விரும்புகிறவனுக்கும் எண்ண விரும்புகிறவனுக்கும் படம் பிடிக்கிறவனுக்கும் இவற்றின் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

1. காற்று முதலில், குரல் பிறகு. மானிருக்கும் திசையிலிருந்து நம்மை நோக்கிக் காற்று வீச வேண்டும். நம் வாடை மானுக்குப் போய்விட்டால் எவ்வளவு திறமையான குரலும் வீண். அழைக்கப்பட்ட மான் நேரே வராது. சுற்றிக்கொண்டு காற்றின் கீழ்ப்பக்கம் வந்து மோந்து பார்க்கவே முயலும். அந்தப் பக்கத்தை அறிந்து அமர வேண்டும்.

2. முன்னே மறைவு, பின்னே நிழல். மான் நிறத்தைவிட அசைவையே விரைவில் காணும். குரல் வந்த இடத்தை அது மிகச் சரியாக அறிந்துகொள்ளும் ஆதலால், குரல் கொடுத்தபின் கை அசைத்தாலும் கெட்டது.

3. பருவத்திற்கேற்ற குரல். இணைசேரும் பருவம் இல்லாத காலத்தில் ஆண்குரல் பயனற்றது. குட்டி இல்லாத காலத்தில் குட்டிக்குரல் சந்தேகத்தையே உண்டாக்கும்.

4. ஆளுக்கேற்ற குரல். மிகப் பெரிய ஆணின் முழக்கத்தைக் கேட்டால் இளைய ஆண் வராது, விலகும். ஆகையால் தேர்ந்தவர் நடுத்தரமான ஆணின் குரலையே கொடுப்பர்.

5. மெதுவாகத் தொடங்கல். அருகிலேயே மான் இருக்கலாம். முதற் குரல் உரக்க இருந்தால் அது திடுக்கிட்டு ஓடும். முதலில் மெல்ல, பதில் இல்லாவிட்டால் சிறிது உயர்த்துவது முறை.

6. குறைவாகக் கூவி நெடுநேரம் காத்தல். புதியவர் செய்யும் பெரும் பிழை இடைவிடாமல் கூவுவது. காட்டில் எந்த மானும் அப்படிக் கத்திக்கொண்டே இராது. இரண்டு அல்லது மூன்று குரல். பிறகு கால்மணி, அரைமணி மௌனம். மான் ஓசையின்றி வந்து நின்றுகொண்டிருக்கும் நேரம் அதுதான்.

7. மான் நம்மை நோக்கி வரத் தொடங்கினால் வாயை மூடுதல். வரும் மானுக்கு மேலும் குரல் கொடுத்தால் அது ஓசையின் உற்பத்தியை ஆராயத் தொடங்கிவிடும்.

8. ஓரிடத்தில் திரும்பத் திரும்ப அழையாமை. ஒரு முறை ஏமாந்த மான் அந்த இடத்தையும் அக்குரலையும் மறவாது.

இவ்வெட்டையும் கூர்ந்து பார்த்தால், குரலின் திறமை ஒரு பங்கும், பொறுமையும் காடறிவும் மற்றப் பங்கும் என்பது விளங்கும். ஊதலைக் கடையில் வாங்கலாம்; காற்றின் திசையை அறியும் புத்தியைக் கடையில் வாங்க முடியாது.

இக்கலையிலுள்ள குற்றம்

நிற்க. முன்பு கூறிய மூன்று காரணங்களில் தாயன்பே வலியது என்றேன். குட்டியின் அழுகுரலுக்கு ஓடி வருவது பால் கொடுக்கும் தாயே. அதை வீழ்த்தியவன் ஒரு மானைக் கொன்றதாக நினைக்கிறான். புதரில் மறைந்திருக்கும் குட்டியும் பசியால் மடிகிறது. கணக்கில் ஒன்று, உண்மையில் இரண்டு. பெருங்காட்டில் பல்லாயிரம் மான்கள் இருந்தபோது இந்த நஷ்டத்தைக் காடு பொறுத்திருக்கலாம். நான்கு பக்கமும் வீடும் சாலையும் சூழ்ந்த சிறு காட்டில் ஒரு பெண்மானின் இழப்பும் அதன் பரம்பரையின் இழப்பாகும். வெளியிலிருந்து வேறு மான் வந்து அவ்விடத்தை நிரப்ப வழியில்லை.

சட்டமும் தெளிவாயிருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் அநுமதிச் சீட்டுப் பெற்று வேட்டையாடச் சில வழிகள் இருந்தன. 1991-ம் வருஷத்துத் திருத்தத்தால் அவ்வழி அடைபட்டது. அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொல்லுதல் மட்டும் பொருளன்று. பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி இழுத்தல், இவற்றுள் எதற்கேனும் முயலுதல் எல்லாம் வேட்டையே. ஆகவே, வலையை விரித்துவிட்டுக் குரல் கொடுத்தவன், மான் வரவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. வெளிமான் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வேட்டையாடியவனுக்கு 3 வருஷத்திற்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறைவாசமும், 2022-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. புள்ளிமானும் அச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றதே. இறைச்சி வாங்கித் தின்றவனும் குற்றவாளியாவான். பண்டிகை நாளில் யாரோ கொண்டுவந்து கொடுத்தார் என்ற சமாதானம் செல்லாது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழலாம். மானை அழைத்துச் சுடுவது பிற தேசங்களில் அநுமதிக்கப்பட்டிருக்க, இங்கு மட்டும் ஏன் பாவம்? விடை அந்தந்த நாட்டு நிலைமையில் இருக்கிறது. நம் புள்ளிமானே 1868-ல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றாகிய மோலொகாயில் கொண்டுபோய் விடப்பட்டது. 1932-ல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்திற்கும் சென்றது. ஹவாயில் அதைக் கொன்று தின்னும் மிருகம் இல்லை. ஆகையால் பெருகிக் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அழிக்கிறது. அங்கே அதைச் சுடுவது நிலத்தைக் காப்பதாகும். இங்கோ அது பிறந்த நாட்டிலேயே சிறு சிறு துண்டுகளில் அடைபட்டிருக்கிறது. ஒரே பிராணி, இரு நாட்டில் இரு கடமை.

இன்று இவ்வறிவின் உபயோகம்

வேட்டை போயிற்று என்றால் குரலறிவும் போக வேண்டுவதில்லை. நான்கு விஷயங்களில் அது நமக்கு நேரடியாகப் பயன்படும்.

முதலாவது, நாய்த் தொல்லை. புலியும் சிறுத்தையும் செய்த காரியத்தை இன்று நகரத்தை ஒட்டிய காடுகளில் தெரு நாய்க்கூட்டங்கள் செய்கின்றன. புலி பசித்தால் ஒன்றைக் கொல்லும். நாய்க்கூட்டம் பசியின்றியும் துரத்தும். துரத்தப்பட்ட மான் வேலியில் சிக்கியும், சாலைக்கு ஓடி வண்டியில் அடிபட்டும் மாள்கிறது. இரவில் புள்ளிமானின் கூவல் மீண்டும் மீண்டும் கேட்டால் அது என்ன என்று அறிந்தவன் உடனே காட்டிலாகாவுக்குச் சொல்லியனுப்பலாம். அறியாதவன் ஏதோ பறவை என்று புரண்டு படுப்பான். வீட்டு எச்சிலையும் கோழிக்கடைக் கழிவையும் காட்டோரத்தில் கொட்டாதிருப்பது இதனோடு சேர்ந்த கடமை. அவற்றைத் தின்றே நாய்க்கூட்டம் அங்கே பெருகுகிறது.

இரண்டாவது, தனியே கிடக்கும் குட்டி. தாய் மேயச் செல்லும்போது குட்டியைப் புல்லிலோ புதரிலோ படுக்க வைத்துப் போகும். குட்டி அசையாது, அதன் புள்ளிகள் வெயில் விழுந்த சருகு போலத் தோன்றும். இதைக் கண்டவர்கள் அநாதை என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்வது பல ஊர்களில் நடக்கிறது. இது இரக்கத்தால் செய்யும் கொடுமை. பசுவின் பாலைக் கொடுக்கப் பேதியாகிச் சாகும் குட்டிகள் உண்டு. பிழைத்தாலும் பிறகு காட்டில் வாழ அறியாது. மௌனமாகப் படுத்திருக்கும் குட்டி சுகமாயிருக்கிறது என்றே கொள்க, தொடாமல் விலகிவிடுக. நாம் அங்கே நின்றால் தாய் வராது. காயம் பட்டிருந்தாலோ, நெடுநேரம் கதறிக்கொண்டிருந்தாலோ, நாய் சூழ்ந்திருந்தாலோ மாத்திரமே காட்டிலாகாவை அழைக்க வேண்டும்.

மூன்றாவது, பயிர்க் காவல். செங்கற்பட்டுப் பக்கத்தில் காட்டோரத்தில் நிலக்கடலையும் பயறும் போட்டவர்களுக்கு மான், காட்டுப்பன்றி இவற்றின் தொல்லை தெரியும். மானின் ஆபத்துக் குரலையோ புலியின் உறுமலையோ பதிவு செய்து ஒலிபெருக்கியில் வைத்தால் மான் ஓடுமா என்று கேட்கிறார்கள். ஓடும்; சில நாள் மட்டும். தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே குரல் கேட்டும் புலி வராததைக் கண்ட மான் அதனடியிலேயே மேயத் தொடங்கும். வேட்டைக்காரனின் எட்டாவது விதியே இங்கும் செல்லும். ஆகையால் குரலையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மான் வயலில் காலெடுத்து வைக்கும்போது மட்டும் ஒலிக்க வேண்டும். வேலியும் காவலும் உடனிருக்க வேண்டும். மின்சாரத்தை நேரே கம்பியிற் பாய்ச்சும் வேலியை ஒருபோதும் நினையாதீர்கள். அது சட்ட விரோதம் மட்டுமன்று. இரவில் அவ்வழி வரும் அயலானையும் சொந்த மாட்டையும் கொல்லும்.

நான்காவது, சாலை. வண்டியின் முன்னே பொருத்தினால் மனிதனுக்குக் கேளாத ஓசையால் மானை விலக்கும் என்று சொல்லிச் சில ஊதல்கள் விற்கப்படுகின்றன. மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த சுருதியும் மானுக்கு எட்டும் என்பது உண்மையே. ஆயினும் அமெரிக்காவில் செய்த சோதனைகளில் அத்தகைய ஓசைகளால் மான்கள் வண்டிப் பாதையை விட்டு விலகியதாகக் காணப்படவில்லை. பணத்தை அதில் போடாமல், காட்டோரச் சாலையில் இரவில் வேகத்தைக் குறைப்பதே மேல். ஒரு மான் குறுக்கே போனால் அதன்பின் இன்னும் சில உண்டு என்று எதிர்பார்த்து நிறுத்துங்கள்.

வேட்டையறிவு கூட்டுறவாக மாறிய கதை

வேட்டையால் பிழைத்தவன் வேட்டை போனால் எதனால் பிழைப்பான்? இதற்கு நம் ஜில்லாவே விடை கண்டிருக்கிறது. அதுவும் கூட்டுறவு மூலமாகவே கண்டிருக்கிறது.

இருளர் நெடுங்காலமாகப் பாம்பு பிடிப்பதில் ஈடற்றவர். மண்ணில் பதிந்த சிறு கோட்டையும் புற்றின் வாயிலுள்ள மழமழப்பையும் கண்டே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று சொல்லும் கண் அவர்களுடையது. ஒரு காலத்தில் பாம்புத்தோல் வியாபாரத்திற்கு அவர்கள் உழைத்தனர். 1972-ம் வருஷத்துச் சட்டமும் அதைத் தொடர்ந்து தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அத்தொழிலை நிறுத்தின. காட்டுக்கு நன்மை, இருளர் குடிசைக்குப் பட்டினி. அந்நிலையில் ராமுலஸ் விட்டேகர் முதலியோர் துணையுடன் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், அது வேலை செய்து வருகிறது. அங்கத்தினர்கள் சர்க்கார் அநுமதி பெற்று நாகம், கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கையும் பிடிக்கின்றனர். சில வாரங்கள் பானையில் வைத்து விஷம் எடுத்தபின் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். அவ்விஷம் பாம்புக்கடி மருந்து செய்யும் சாலைகளுக்குப் போகிறது. முன்னே பாம்பைக் கொன்று தோலை விற்றவர், இப்பொழுது பாம்பையும் கொல்லாமல், பாம்பு கடித்த மனிதனையும் சாகவிடாமல் பிழைக்கின்றனர்.

அச்சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத அறிவுக்கு உலகம் மரியாதை செய்தது. அவ்வறிவைக் கூலிக்கு விற்றுக் கெடாமல் காத்தது சங்கம்.

மானின் குரலறிந்தவர்களுக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. காட்டிலாகாவின் கணக்கெடுப்புக்கும், வேட்டைத் தடுப்புக் காவலுக்கும், காடு பார்க்க வருவோர்க்கு வழி காட்டவும் காடறிந்த கண்ணும் செவியும் தேவைப்படுகின்றன. தனியொருவன் போய்க் கேட்டால் தினக்கூலியாவான். பத்துப்பேர் சங்கமாகப் போய்க் கேட்டால் நிபந்தனை பேசலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. ஒவ்வொரு சங்கக் கட்டடத்திலும் காட்டிலாகா அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுக.

2. காட்டோரத்தில் குடியிருக்கும் அங்கத்தினர்களில் மூவர் அல்லது நால்வரை இரவுக்குரலைக் கவனிக்க ஏற்படுத்துக. கேட்ட நாள், நேரம், திசை மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்கச் சொல்லுக. ஒரு வருஷத்துக் குறிப்பு கையிலிருந்தால் நாய்க்கூட்டம் எப்பக்கம் நுழைகிறது, மான் எவ்விடத்தில் சாலையைக் கடக்கிறது என்பது தானே விளங்கும். வேகத்தடையோ எச்சரிக்கைப் பலகையோ கேட்க மனு எழுதும்போது அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

3. பயிர்க் காவலைத் தனித்தனியே செய்யாதிருங்கள். ஒருவன் தன் வயலிலிருந்து மானைத் துரத்தினால் அது பக்கத்து வயலுக்குப் போகிறது. பக்கத்தவன் துரத்தினால் திரும்பி வருகிறது. இருவரும் தூக்கமிழந்தனர், மான் இருவர் வயலிலும் தின்றது. வரப்புக்கு வரப்பு வேலி போடும் செலவில் பாதியும் ஆகாது, எல்லோரும் சேர்ந்து வெளி எல்லையில் ஒரே வேலி போடுவதற்கு.

4. விளையாட்டுக்காகவும் படம் பிடிப்பதற்காகவும் குட்டிக்குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்யும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் தடுக்க வேண்டும். ஓடி வந்த தாய் ஒன்றும் காணாமல் அலைவதும், அவ்வேளையில் அதன் உண்மையான குட்டி காவலின்றிக் கிடப்பதும் வேடிக்கையன்று. குரல் கற்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கேட்கக் கற்பியுங்கள்.

5. வயது சென்ற காடறிந்தவர்கள் ஊரில் இருந்தால், அவர்கள் முன்னே வேட்டையாடினார்கள் என்பதற்காக ஒதுக்காமல், மாதத்திற்கொரு முறை பிள்ளைகளுக்கு அவர்கள் அறிந்ததைச் சொல்லச் செய்யுங்கள். அவர்களோடு அவ்வறிவு போய்விட்டால் பின்பு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

அங்கத்தினர்களே! இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல் வந்த உடனே, அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. லேவாதேவிக்காரனிடம் தனித்தனியே அகப்பட்டுக் கொண்டிருந்த குடியானவர்கள் ஒன்றுகூடினால் என்ன செய்யலாம் என்பதை இந்தச் சீமை முதலிலேயே காட்டியது. இன்று காப்பாற்ற வேண்டியது பணத்தை மாத்திரமன்று. ஏரியும் காடும் அவற்றில் வாழ்வனவும் நம் பொது முதலே. அம்முதலைத் தின்றுவிட்டால் வட்டி ஏது?

ஆபத்தைக் கண்ட மான் தான் மட்டும் ஓசையின்றி ஓடித் தப்பலாம். அது கூவுகிறது, கூட்டம் முழுவதும் தலை தூக்குகிறது. கூவியதனால் பகையின் கண் தன்மேல் விழும் என்ற அபாயம் அதற்கு இல்லாமலில்லை. மந்தையில் வாழும் பிராணிக்குத் தெரிந்த அந்தத் தர்மத்தைச் சங்கத்தில் வாழும் நாமும் கைக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.